கேஸ் ஷீட்டை முதலில் வாங்குங்கள், புகாரைப் பிறகு எழுதலாம்

டிஸ்சார்ஜ் சம்மரியும் கேஸ் ஷீட்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. சம்மரி என்பது எல்லாம் முடிந்த பிறகு மருத்துவமனை தன் வசதிக்கு எழுதித் தரும் ஒன்றிரண்டு பக்கம். என்ன மருந்து எத்தனை மணிக்கு ஏறியது, பிபி இறங்கியபோது யார் வந்து பார்த்தார் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். சிகிச்சையில் தவறு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் முதல் வேலை அதன் நகலை வாங்குவது. கலெக்டர் மனு, பத்திரிகை, வக்கீல் எல்லாம் அதற்குப் பிறகு.

2002ஆம் ஆண்டின் மருத்துவர் நன்னடத்தை விதிகள் இதற்கு வழி சொல்கின்றன. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். தராவிட்டால் அது மருத்துவரின் ஒழுங்கீனம். 2023இல் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால் இன்றும் நடப்பது 2002 விதிகள்தான். "அந்த ரூல் மாறிடுச்சு சார்" என்றால் நம்ப வேண்டாம்.

இரண்டு பொறிகள் உண்டு. ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்நோயாளிகளுக்கு மட்டும்தான். ஓபி சீட்டை நீங்கள்தான் பத்திரப்படுத்த வேண்டும். அந்த மூன்று ஆண்டும் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படும், டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அல்ல.

வாயால் கேட்டால் எதுவும் நடக்காது. ரெக்கார்ட்ஸ் செக்‌ஷனில் "டாக்டர் கையெழுத்து போடணும்" என்பார்கள், டாக்டர் "எம்.டி.யைப் பாருங்க" என்பார், அந்த நிர்வாக இயக்குநர் ஊரில் இருக்க மாட்டார். கோர்ட் ஆர்டர் கொண்டுவா என்பதும் பில் பாக்கியைக் கட்டு என்பதும் வழக்கமான பதில்கள். 72 மணி நேர விதியில் இந்த இரண்டு நிபந்தனையும் இல்லை. நோயாளி பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளிப் பதிவு எண்), சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி போட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நோயாளி இறந்திருந்தால் உறவுக்கான சான்றின் நகலை இணையுங்கள். ஒரு பிரதியில் சீலும் தேதியும் நேரமும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, இமெயிலும் போடுங்கள். 72 மணி நேரத்தை எண்ணுவதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

"எல்லா ரெக்கார்டும்" என்று பொதுவாக எழுதினால் மறுபடியும் சம்மரிதான் வரும். அட்மிஷன் நோட்ஸ், டாக்டர்களின் தினசரிக் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, மருந்து சார்ட், ஐசியூ சார்ட், ஒப்புதல் படிவம், மயக்க மருந்துப் பதிவு, ஆபரேஷன் நோட்ஸ், ரத்தம் ஏற்றிய பதிவு, ஸ்கேன் சிடி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வாங்கும்போதே பக்கங்களை எண்ணி, ஒவ்வொன்றிலும் சீல் கேளுங்கள். நர்ஸ் குறிப்பை முதலில் படியுங்கள். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் வேறு வேறு கையெழுத்தில் இருந்தால் இயல்பு. மூன்று நாள் குறிப்பும் ஒரே பேனா, ஒரே கை, ஒரே ஓட்டம் என்றால் அந்தப் பக்கங்களைக் குறித்து வையுங்கள். அடித்துத் திருத்திய நேரங்களையும் அப்படியே.

மரணம் என்றால் இதையெல்லாம்விட அவசரம் ஒன்று உண்டு: போஸ்ட்மார்ட்டம். சந்தேகம் இருந்தால் உடலை வாங்குவதற்கு முன்பே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எரித்த பிறகு எந்த நிபுணரும் சாவுக்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையைத்தான். மரணக் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று 2023இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. கேட்டு வாங்குங்கள். உடனே எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று உடைந்துபோகாதீர்கள்: 2005ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, டாக்டர் மீது நடவடிக்கைக்கு முன் வேறொரு மருத்துவரின் கருத்தைப் போலீஸ் வாங்க வேண்டும். ஆனால் ரசீதுகூட இல்லாமல் திருப்பி அனுப்புவதற்கு அது சாக்கு ஆகாது.

அடுத்த அலைக்கழிப்பு, மனு போகும் இடம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்வது 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டம். மாவட்டத்தில் அதைப் பார்ப்பவர் நலப்பணிகள் இணை இயக்குநர், பேச்சில் 'ஜே.டி.'. தாலுகா அரசு மருத்துவமனையும் அவர் கையில்தான். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பொது சுகாதாரத் துறையின் மாவட்ட சுகாதார அலுவலர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன். மூன்றும் மூன்று தனி இயக்ககங்கள். இடம் மாறிக் கொடுத்த மனுவை உரிய இடத்துக்கு அனுப்புவதைவிட, "இங்க இல்லைங்க" என்று சொல்லிவிடுவது அவர்களுக்குச் சுலபம். அரசு மருத்துவமனையின் கேஸ் ஷீட்டை, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். முப்பது நாள் ஆகும் என்பதால் சாதாரண மனுவையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.

இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். காலக்கெடு இரண்டு ஆண்டு. ஜே.டி. விசாரணை நடக்கிறதே என்று காத்திருந்து அந்த இரண்டு ஆண்டையும் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். அந்த விசாரணைக்காக இந்தக் கடிகாரம் நிற்காது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை மீது இங்கே வழக்குப் போட முடியாது. பதிவுக் கட்டணம் கட்டியிருந்தாலும் அது கணக்கில் வராது. பிறரிடம் பணம் வாங்கும் தனியார் மருத்துவமனையில் உங்களுக்கு மட்டும் இலவசமாகப் பார்த்திருந்தால் நீங்களும் நுகர்வோர்தான். 1995ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இது. முதல்வர் காப்பீட்டு அட்டையில் போனவர்களை "நீங்க பணமே கட்டலையே" என்று விரட்டினால் இதைச் சொல்லுங்கள். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

டாக்டர்களின் பதிவேட்டை வைத்திருக்கும் மாநில மருத்துவக் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம், ஆனால் அங்கே ஒரு பைசா இழப்பீடு கிடைக்காது. டாக்டரை எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது; அது தாண்டினால் எழுத்தில் நினைவூட்டுங்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் மேல்முறையீட்டைப் பாதிக்கப்பட்ட மருத்துவருக்குத்தான் எழுதி வைத்திருக்கிறது, நோயாளியைச் சொல்லவில்லை. அதனால் கேஸ் ஷீட், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, வேறொரு டாக்டரின் கருத்து எல்லாவற்றையும் முதல் மனுவிலேயே பக்க எண் போட்டு இணைத்துவிடுங்கள்.