வால் எலும்பு ஒடிஞ்சா மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க

குலசேகரம் பக்கத்துல ரப்பர் பால் வெட்டுற அக்கா ஒருத்தங்க, மழை ஈரத்துல சரிவுல வழுக்கி அப்படியே பின்பக்கம் குத்தி விழுந்துட்டாங்க, எக்ஸ்ரே எடுத்தா வால் எலும்பு ஒடிஞ்சிருக்கு. நம்ம ரோட்டுல பஸ்ல வந்து எறங்கும்போதே கண்ணு கலங்கிப் போச்சு, கையில ஒரு பிளாஸ்டிக் கவரு. அதுல மூணு மாத்திரை அட்டை: டாக்டர் எழுதினது ஒண்ணு, மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்கினது ஒண்ணு, மச்சினன் மூட்டுவலிக்குத் திங்கிறது ஒண்ணு. திருப்பிப் பாத்தா மூணுலயும் பாரசிட்டமால்! பேருதான் வேற.

பெரியவங்களுக்கு 24 மணிக்கூர்ல 4 கிராம்தான் எல்லை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8, அதுவும் எடை குறைஞ்சவங்க, தினமும் குடிக்கிறவங்க, ஈரல் கோளாறு உள்ளவங்களுக்கு அதைவிடக் குறைவு. அசிக்ளோபினாக்ங்கிற வலி மருந்து சேர்ந்த மாத்திரையில பெரும்பாலும் 325 மில்லிகிராம் பாரசிட்டமாலும் இருக்கும், அதையும் கணக்குல சேக்கணும்.

இந்த எலும்புக்கு மாவுக்கட்டு போட முடியாது, அது தானா ஒட்ட 8 முதல் 12 வாரம் ஆவும். அதனால முதல் சில நாள் வலி ஏறட்டும்னு காத்திருக்காம, டாக்டர் சொன்ன மணிக்கூருக்கு மாத்திரையப் போட்டுருங்க. ஐபுப்ரோஃபென், டைக்லோபினாக் எல்லாம் சாப்பிட்டப்புறம் தான், ரெண்டையும் சேத்து வேண்டாம். அல்சர், கிட்னி, இதயக் கோளாறு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, கர்ப்பம், இதுல ஏதாவது இருந்தா கேக்காம தொடவே கூடாது.

எங்கிட்டயும் ஒரு தப்பு உண்டு. வலி தாங்காதுன்னு டிரமடால்ங்கிற வலுவான வலி மாத்திரையை எழுதிக் குடுத்தேன், மலச்சிக்கல் வரும்னு சொல்ல மறந்துட்டேன். முக்கினா வலிக்குற எடமே அதுதான், அந்த அக்கா வெளிக்கி போவ பயந்து சோத்தையே குறைச்சிருக்காங்க. இப்ப எழுதும்போதே மலம் இளக்குற லாக்டுலோஸ் சிரப்பும் சேத்து எழுதுறேன், நிறைய தண்ணியும் பாளையங்கோடன் பழமும் சொல்றேன். டிரமடால் போட்டா தூக்கக் கலக்கம் வரும், பைக் எடுக்காதீங்க, விடியக்காலம் பால் வெட்டவும் போவாதீங்க.

எண்ணெய் போட்டுத் தடவுற வர்ம வைத்தியர், அதான் ஆசான்கிட்ட போறதை நான் குறை சொல்லல்ல, எங்க வீட்டுலயும் எண்ணெய்க் குப்பி உண்டு. ஆனா புதுசா ஒடிஞ்ச எடத்துல அழுத்தித் தடவ விடாதீங்க. பின்பக்கம் வெட்டுவிட்ட குஷன்ல, கொஞ்சம் முன்னால சாஞ்சு இருந்தாலே பாதி வலி குறையும்.

கால் தளந்துபோச்சு, தொடையிடுக்குல மரத்துப்போச்சு, மூத்திரம் அடைச்சிருச்சு இல்ல தெரியாமப் போவுதுன்னா, மாத்திரையக் கூட்டிப் போட்டுக்கிட்டு விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரியே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிங்க.