ராத்திரி கட்டிவைத்த முருங்கைக்கீரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்துச் சனம் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்தது. வரும்போது பலர் மறக்காமல் எடுத்துவந்தது ஒரு முருங்கைக் கிளை. வெட்டி ஊன்றினால் போதும், துளிர்த்துவிடும். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நிற்பதும் அப்படி வந்த மரம்தான்.

அம்மா சாயங்காலமே கீரையை ஒடித்து, பழைய பேப்பரில் இறுகச் சுற்றி அடுப்படி மூலையில் வைத்துவிடுவார். காலையில் பொட்டலத்தை அவிழ்த்து உதறினால் இலை மட்டும் பொலபொலவென்று கொட்டும், காம்பு கையில் நிற்கும். உருவுகிற வேலை மிச்சம். இது எப்படி நடக்கிறது என்று சின்ன வயதில் நான் வியந்ததுண்டு.

ஒடித்த கீரை உடனே செத்துவிடுவதில்லை. சேர்த்துவைத்த சர்க்கரையை எரித்துச் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. வெப்பநிலை 10 பாகை ஏறினால் அந்தச் சுவாசம் இரண்டு, மூன்று மடங்கு வேகமெடுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். கூடவே எத்திலீன் என்ற வாயுவையும் கீரை விடுகிறது. வாழைத்தாரைப் பழுக்கவைப்பதும் இதே வாயுதான். பேப்பருக்குள் அது வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. ஒவ்வொரு சிற்றிலையும் காம்போடு சேரும் இடத்தில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. எத்திலீன் பட்டதும் அந்தச் செல்கள் நொதிகளைச் சுரந்து, தங்களை ஒட்டிவைத்திருக்கும் சுவரைத் தாங்களே கரைத்துவிடுகின்றன. பிடி விட்டதும் இலை கழன்றுவிழுகிறது. அதாவது, ஒரே ராத்திரியில் கீரைக்கு வயதாகிவிட்டது.

வயதானால் என்ன போகிறது? பச்சை முருங்கைக்கீரை 100 கிராமில் சுமார் 4 மில்லிகிராம் இரும்பும், 50 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல் வைட்டமின் சி-யும் இருக்கின்றன. வைட்டமின் சி கிட்டத்தட்ட ஆரஞ்சுப் பழத்தின் அளவு. இரும்பு தாது. ஒரு ராத்திரி என்ன, ஒரு வாரம் கிடந்தாலும் குறையாது. வைட்டமின் சி அப்படியில்லை. காற்றும் சூடும் இலையின் சொந்த நொதிகளுமே அதைச் சிதைத்துவிடும். வாடவாட இழப்பு கூடும்.

இரும்புதான் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. கீரையிலுள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் வடிவத்தில் இருக்கிறது. சிறுகுடலின் தொடக்கத்திலுள்ள செல்கள் ஃபெரஸ் வடிவ இரும்புக்குத்தான் கதவைத் திறக்கும். வைட்டமின் சி ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றுகிறது. குடலில் அமிலம் குறையும் இடத்தில் இரும்பு கரையாமல் படிந்துவிடாதபடி பிடித்தும் வைத்துக்கொள்கிறது. இந்தத் துணை இல்லாவிட்டால் இரும்பில் பெரும்பங்கு உடம்பில் சேராமலே வெளியேறிவிடும். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 10 பேரில் 3 பேருக்கு இரத்தசோகை இருந்தது. கொல்லையிலேயே கீரை வளரும் வீடுகளிலும் இது நடக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

கொல்லை மரத்தின் அருமை ஒடிப்பதற்கும் உலை வைப்பதற்கும் நடுவே உள்ள நேரம்தான். கேமரன் மலையிலிருந்து லோரியில் வரும் காய்கறியை நான் குறை சொல்லவில்லை, அதிலும் நார்ச்சத்தும் தாதுவும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் கால்மணி நேரத்தில் மரத்திலிருந்து சட்டிக்கு வரும் இலையை எந்த லோரியாலும் தரமுடியாது. அதைப் பேப்பரில் சுற்றி நாமே பழசாக்குவானேன்?

புதுக்கீரையானாலும் அடுப்புச் சூட்டில் வைட்டமின் சி-யில் கணிசமான பங்கு போய்விடும், வேகவைத்த தண்ணீரிலும் கரைந்து இறங்கும். அதனால் தண்ணீரை வடிக்காமல், குறைந்த நேரம் வதக்கி, இறக்கியபின் எலுமிச்சை பிழிவது நல்லது. தேங்காய்ப்பூ போடுகிற நம் வழக்கமும் வீணல்ல. கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும்.

சாப்பிட்ட கையோடு பால் சேர்க்காத தேநீரான தே ஓ குடிப்பதுதான் சிக்கல். தேயிலையின் டானின் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். வேலியோரத்தில் கொய்யா காய்த்திருந்தால் சாப்பாட்டோடு இரண்டு துண்டு தின்னலாம். ஆரஞ்சைப் போல நாலு மடங்கு வைட்டமின் சி அதில் உண்டு.

அம்மா இப்போது காலையில் ஒடித்துக் கையாலேயே உருவுகிறார். விரலில் பச்சை வாசம் மத்தியானம்வரை போவதில்லை. முடியாத நாளில் ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறார். குளிரில் சுவாசமும் எத்திலீனும் அடங்குவதால், காலையில் இலை காம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.