பிளேட்டின் மேல் வார்த்திருக்கும் எண்தான் அதன் எடை என்று நம்ப வேண்டாம்

சென்ற மாதம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடிக்குச் சென்றிருந்தேன். இடது கால் பெருவிரலின் எலும்பு முறிந்து, கட்டுப்போட்ட காலைப் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நீட்டியபடி அவர் அமர்ந்திருந்தார். உடற்பயிற்சிக்காக எடை மாட்டித் தூக்கும் இரும்பு ராடிலிருந்து கழற்றும்போது, விரல் நுழைக்கும் கைப்பிடித் துளையின் ஓரத்தில் விண்டு அவர் காலில் விழுந்த 10 கிலோ வார்ப்பிரும்புப் பிளேட், மூன்று துண்டுகளாகச் சுவரோரம் கிடந்தது. முறிந்த பரப்பைத் திருப்பிப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவில் நான்கைந்து குழிகள் தெரிந்தன. அவற்றுள் வெளியே திறந்திருந்த இரண்டில், கார் பாடிக்குப் பூசும் பட்டியை அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பளபளக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். "இரும்பு இப்படி உடையும் என்று யார் சார் நினைத்தார்கள்?" என்று மாணவரின் தந்தை கேட்டார். இந்த ஆண்டில் என்னிடம் இதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது தந்தை அவர். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியின், அதாவது இரும்பு வார்க்கும் ஆலையின், தரப் பரிசோதனைப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது உடற்பயிற்சிக் கூடங்களின் கருவிகளைச் சோதித்துப் பராமரித்துக் கொடுக்கிறேன். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது என்பது ஃபவுண்டரியில் முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும் செய்தி. அதை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. என் பொறுமையை உண்மையாகவே சோதிப்பது வேறொரு நம்பிக்கை. பிளேட்டின் மேல் 20 என்று புடைப்பாக வார்த்திருந்தால் அதன் எடை 20 கிலோ என்று, படித்தவர், படிக்காதவர், ஜிம் நடத்துபவர் என எல்லோரும் நம்புகிறார்கள். "அதான் எழுதியிருக்கிறதே" என்பது அவர்களுடைய வாதம்.

அந்த எண் எப்போது எழுதப்படுகிறது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். பிளேட் செய்வதற்கு முதலில் மரத்திலோ அலுமினியத்திலோ ஒரு பேட்டர்ன், அதாவது அதே வடிவில் ஒரு மாதிரி, செய்வார்கள். எண் அந்தப் பேட்டர்னிலேயே இருக்கிறது. பேட்டர்னை மணலில் வைத்து இடித்து, எடுத்த பின் மணலில் பதிந்திருக்கும் வடிவத்துக்குள் உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். அதாவது 20 என்ற எண் பதிந்தபோது இரும்பு இன்னும் உலையில் கொதித்துக்கொண்டிருக்கிறது. மணலைச் சரியாக இடிக்காமல் தளர விட்டிருந்தால், ஊற்றிய இரும்பின் பாரத்தில் அச்சு சற்றே விரிந்து பிளேட் தடித்துவிடும். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளேட் ஒன்று ஒரே ஒரு மில்லிமீட்டர் தடித்தாலும் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடும். மெலிந்தால் அதே அளவு குறையும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை மணல் வார்ப்பில் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, என்னையும் சேர்த்து.

இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. புதிதாகப் பேட்டர்ன் செய்யச் செலவாகும் என்பதால், சந்தையில் கிடைக்கும் யாரோ செய்த பிளேட்டையே வாங்கிவந்து, அதையே பேட்டர்னாக மணலில் வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். உருகிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். இதற்காகவே பேட்டர்ன் செய்பவர்கள் சற்று நீட்டிக் கோடிட்ட தனி அளவுகோல் வைத்திருப்பார்கள். நகலெடுப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. நீளம், அகலம், தடிமன் மூன்றிலும் ஒவ்வொரு சதவீதம் குறைந்தால் எடையில் மூன்று சதவீதம் போய்விடும். 20 கிலோ பிளேட்டின் நகல் 19.4 கிலோ, அந்த நகலின் நகல் 18.8 கிலோ. ஆனால் மேலே இருக்கும் 20 மட்டும் ஒவ்வொரு தலைமுறைக்கும் அப்படியே சொத்தாகப் போய்ச் சேர்கிறது!

பழைய மளிகைக் கடைகளில் இருந்த இரும்பு எடைக்கற்களை எடுத்துப் பார்த்திருந்தால், அதில் ஒரு குழியும், குழியில் ஈயமும், ஈயத்தின் மேல் முத்திரையும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வார்ப்பு மட்டும் சரியான எடையைத் தராது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. வார்த்தபின் நிறுத்து, ஈயத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்து, அதன் பிறகே முத்திரை வைத்தார்கள். பவர்லிஃப்டிங் எனும் எடை தூக்கும் போட்டிகளுக்கான பிளேட்டுகளிலும் இதே வழிதான். முகப்பைக் கடைந்து, பின்புறத் துளையில் சிறு உலோகத் துண்டுகளை அடைத்து எடையைச் சரிசெய்கிறார்கள். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி பிளேட்டின் எடை, குறித்த எடையிலிருந்து 0.25 சதவீதம் அல்லது 10 கிராமுக்குள் இருக்க வேண்டும். 20 கிலோவுக்கு அது வெறும் 50 கிராம். வீட்டில் பயிற்சி செய்பவருக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. அந்த விலையும் கட்டுப்படியாகாது. ஆனால் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று போட்டி பிளேட்டின் வண்ணத்தை அடித்துவிட்டால் அது போட்டி பிளேட் ஆகிவிடாது என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். பெயிண்ட் டப்பா எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

எடை சற்று முன்பின் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 20 கிலோ ராடின் இரு பக்கமும் 20 என்று எழுதிய ஒவ்வொரு பிளேட்டை மாட்டுகிறீர்கள். ஒன்று 18.8, மற்றொன்று 21.2. மொத்தம் பார்த்தால் சரியாக 60 கிலோ, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ராடின் ஒரு பக்கத்தைவிட மறு பக்கம் 2.4 கிலோ கூடுதல் கனம், அந்தப் பக்கத் தோள்தான் அதைச் சுமக்கிறது, அதுவும் மாதக்கணக்கில், பெரும்பாலும் பிளேட்டுகளை எப்போதும் ஒரே பக்கம் மாட்டும் பழக்கத்தால் ஒரே தோள். வாரத்துக்கு இரண்டரைக் கிலோ கூட்டிக்கொண்டே போவதாகப் பெருமைப்படும் இளைஞர்கள் பலரிடம், அவர்களுடைய பிளேட் ஜோடிக்குள் இருக்கும் வித்தியாசமே இரண்டரைக் கிலோவை நெருங்குகிறது என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. போதாததற்கு, இங்கே பல இடங்களில் பிளேட்டைக் கிலோ இத்தனை ரூபாய் என்றுதான் விற்கிறார்கள். தராசில் வைக்காமல் எண்ணைக் கூட்டிப் பணம் கொடுப்பவர், இல்லாத இரும்புக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

எனவே நிறுத்துப் பாருங்கள். கடையில் தராசு இல்லை என்றால் தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் இருக்கும். அவர்கள் பத்து பிளேட்டை நிறுத்துத் தரக் கூச்சப்பட மாட்டார்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் உண்மையான எடையைப் பெயிண்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். பிறகு எண்ணைப் பார்த்து ஜோடி சேர்க்காமல், எழுதிய எடையைப் பார்த்துச் சேருங்கள். என் வரையில், 20 கிலோ பிளேட் ஒன்று 19.6 ஆக இருந்தால் நான் ஏற்பேன், அதன் ஜோடியும் 19.6ஐ ஒட்டியிருக்கும் வரை. ஜோடிக்குள் 200 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பிக் கொடுப்பேன். ராடையும் நிறுத்துங்கள், 20 கிலோ என்று விற்கப்படும் ராடுகள் தராசில் சொல்லும் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

நிறுப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரே வார்ப்பில் வந்த, ஒரே விட்டமும் ஒரே தடிமனும் உள்ள இரண்டு பிளேட்டுகளில் ஒன்று மட்டும் எடை குறைந்தால், குறைந்த இரும்பு எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கிறது. அந்த மாணவர் வீட்டில் உடையாமல் மிஞ்சிய ஜோடி 10.1 கிலோ இருந்தது. உடைந்த துண்டுகளையும் சிதறிய துணுக்குகளையும் கூட்டிப் போட்டால் 9.8 கிலோ. 300 கிராம் இரும்பு என்பது ஏறத்தாழ 42 கன சென்டிமீட்டர், ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவு. நான் பார்த்த நெல்லிக்காய்க் குழிகளைக் கூட்டினால் அதுதான் வரும். வாங்கிய அன்றே இரண்டையும் தராசில் வைத்திருந்தால் விரல் பிழைத்திருக்கும்.

தட்டிப் பார்ப்பதும் அவசியம். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்க்காமல் வாங்கிய பாட்டி எவரும் இல்லை. பிளேட்டின் துளையில் கயிறு கோத்துத் தொங்கவிட்டு, ஸ்பேனரால் மெல்லத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு ஓசை நீளும். விரிசலோ பெரிய குழியோ இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். தனியாகத் தட்டினால் புரியாது, ஜோடியுடன் ஒப்பிட்டுத் தட்டுங்கள். கைப்பிடித் துளைகளின் ஓரம், நடுத் துளையைச் சுற்றிய தடித்த பகுதி, எழுத்துகளின் விளிம்பு ஆகிய இடங்களில் விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். பட்டி அடைத்த இடம் சற்று மிருதுவாகவும் மழமழவென்றும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். பட்டியின் மேல் அதன் பிடி தளர்வது கையிலேயே தெரியும்.

நடுத் துளையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக் ராடின் முனை 50 மில்லிமீட்டர். அதற்கான பிளேட்டின் துளை 52, 53 மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஆட்டம் காணும். பெரிய துளையுள்ள பிளேட்டை மெல்லிய வீட்டு ராடில் மாட்டித் துணி சுற்றிச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். துளை நடுவில்தான் இருக்கிறதா என்று அறிய, ராடில் மாட்டி மெதுவாகச் சுழற்றி விடுங்கள். நிற்கும்போது கீழே வரும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். மூன்று முறையும் அதே குறி கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் என்று பொருள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறையிட்ட பிளேட்டுகள் இரும்பே அல்ல. உள்ளே இருப்பது பெரும்பாலும் சிமெண்டும் மணலும் கலந்த கலவை. அதன் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் பிளேட் மூன்று மடங்கு தடித்திருக்கும். ராடில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தெரிந்து வாங்கினால் தவறில்லை. இரும்பு என்று எண்ணி வாங்காதீர்கள்.

துருவைப் பற்றி அளவுக்கு மீறிய பயம் இருக்கிறது. பழைய பிளேட் வாங்கப் போகும்போது, துருப்பிடித்ததை ஒதுக்கிவிட்டுப் புதுப் பெயிண்ட் அடித்ததை எடுத்துவருகிறார்கள். நான் இருந்தால் நேர்மாறாகச் செய்வேன். துருப்பிடித்த பிளேட்டில் குழி இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கம்பி பிரஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் சில துளிகள் விட்டுத் துணியால் துடைத்தால் மேல்துரு போய்விடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். கைப்பிடிக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைப்பது முக்கியம். அண்மையில் பெயிண்ட் அடித்த பழைய பிளேட்டைக் கண்டால், எதை மறைக்க அடித்தார்கள் என்று விற்பவரிடமே கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

கடைசியாக, எவ்வளவு நல்ல வார்ப்பாக இருந்தாலும் சிமெண்ட் தரையில் போட்டு உடைக்கலாம். தரையிலிருந்து ராடை இடுப்புவரை தூக்கும் டெட்லிஃப்டை முடித்துவிட்டு 'தடால்' என்று விடுவது வீரம் என்று இளைஞர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. அதற்கென்று ரப்பர் பம்பர் பிளேட் தனியாக இருக்கிறது. இரும்புப் பிளேட்டின் கீழே ரப்பர் பாயாவது விரியுங்கள். கீழே விழுந்த பிளேட்டை மறுபடி மாட்டும் முன் ஒருமுறை தட்டிப் பாருங்கள். முன்பு பாடியது இப்போது பாடாவிட்டால் அதை ராடில் ஏற்ற வேண்டாம். அந்த மாணவரின் பிளேட்டும் உடைவதற்கு இரண்டு நாள் முன்பு மாடித் தரையில் விழுந்திருக்கிறது. எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறார்.

அவருடைய மற்ற பிளேட்டுகளை அன்றே நிறுத்து, எடையைப் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒற்றையாக மிஞ்சிய 10 கிலோவுக்கு இணை தேடிக்கொண்டிருக்கிறோம். கடைக்காரரிடம் தொலைபேசியில், "10.1 இருந்தால் எடுத்து வையுங்கள்" என்றேன். "10 தான் சார் வரும், 10.1 எல்லாம் கம்பெனியில் போட மாட்டார்கள்" என்றார். தராசை எடுத்துக்கொண்டு நானே வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.