கேபின்லயே கிச்சன்: லாரி ஓட்டுறவங்க சாப்பாட்டுக்குப் பின்னாடி இருக்கிற சூட்டுக் கணக்கு

வெளிய ஒரு வேளை சாப்பிட லாரி டிரைவர் கொடுக்கிற காசுல அரிசி பருப்புக்குப் போறது ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் அடுப்பு, ஃபிரிட்ஜ், சமைக்கிற ஆளு, கட்டட வாடகைன்னு போயிடும். எந்த நாட்டு ரோட்டுல ஓட்டினாலும் இதே கதைதான். காய்ஞ்ச பருப்பு, அரிசி, ஓட்ஸ், வேர்க்கடலை, முட்டை எல்லாம் சீப்பான சாமான்தான், ஆனா கேபின்ல அதை வேக வைக்க சூடும் கிடையாது, வெந்ததைக் கெடாம வைக்க குளிரும் கிடையாது, அதனாலதான் கைக்குக் கிடைச்ச பொரிச்ச அயிட்டமும் கோலாவும் உள்ள போகுது. நாக்கைக் கட்டத் தெரியாத ஆளுங்கன்னு டிரைவர்களைத் திட்டுறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சல்தான் வரும். பாதிப் பிரச்சனை ஃபிசிக்ஸ், மீதி உடம்போட கடிகாரம்.

முதல்ல சூடு. வண்டியில இருக்கிற சிகரெட் லைட்டர் சாக்கெட்டை வச்சு என்ன பண்ணலாம்னு பார்ப்போம். வோல்ட்டை ஆம்பியரால பெருக்கினா வாட். பெரிய வண்டிகள்ல 24 வோல்ட்டும் இருக்கும் 12 வோல்ட்டும் இருக்கும், நாட்டுக்கு நாடு மாறும், 12 வோல்ட் வண்டில சாக்கெட்டுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தா அதிகபட்சம் 120 வாட்தான் இழுக்க முடியும். ஒரு லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலேருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 314 கிலோஜூல் வேணும், அதை 120 வாட்ல கொடுத்தா 44 நிமிஷம், வெளிய வீணாகிற சூட்டையும் சேர்த்தா ஒரு மணி நேரம் ஆயிடும். வீட்டுல இருக்கிற 1500 வாட் கெட்டில் இதே வேலையை மூணரை நிமிஷத்துல முடிச்சிடும். சரி, இன்வெர்ட்டர் வச்சு அந்தக் கெட்டிலையே வண்டில ஓட்டலாமேன்னு தோணும், ஆனா 12 வோல்ட் பேட்டரியிலேருந்து 1500 வாட் எடுக்கணும்னா 125 ஆம்பியருக்கு மேல ஓடணும், அதுக்கு நல்ல தடிமனான ஒயரும் தனி ஃபியூஸும் போடணும், சாக்கெட்ல சொருகினா ஃபியூஸ் போயிடும், ஃபியூஸை மாத்தி ஏமாத்தினா ஒயர் எரியும்.

அப்ப வழி என்னன்னா, சூட்டை வேற எங்கயாவது வாங்கிட்டு வந்து வண்டிக்குள்ள காப்பாத்தணும். இதுக்குத்தான் பிளாஸ்க். ஜேம்ஸ் டூவார்ங்கிற விஞ்ஞானி 1892-ல குளிர்ந்த திரவ வாயுக்களை வச்சு ஆராய்ச்சி பண்றதுக்காக செஞ்ச பாத்திரம் இது, 1904-ல ஜெர்மனில தெர்மாஸ் கம்பெனி ஆரம்பிச்சு அதையே காபி வைக்க விக்க ஆரம்பிச்சாங்க, டூவார் காப்புரிமை வாங்காம விட்டதால கேஸ் போட்டும் தோத்துப் போனார். ரெண்டு சுவருக்கு நடுவுல காத்தை உறிஞ்சி எடுத்துட்டதால சூட்டைக் கடத்திட்டுப் போக அங்க ஒண்ணுமே இல்ல, கதிர்வீச்சா போற சூட்டை பளபளப்பான உள்பக்கம் திருப்பி அனுப்பிடும். மிச்சம் இருக்கிற ஓட்டை மூடிதான், அதனாலதான் அகலமான வாய் உள்ள பிளாஸ்க் சீக்கிரம் ஆறும்.

வேக வைக்க தண்ணி தளதளன்னு கொதிச்சிட்டே இருக்கணும்னு நாம நினைக்கிறோம், உண்மையில வேண்டியது சூடும் நேரமும்தான். அரிசி, கோதுமையில இருக்கிற மாவுச்சத்து 60-லேருந்து 80 டிகிரிக்குள்ளயே தண்ணியை உறிஞ்சி வீங்கிடும். பருப்பு கொஞ்சம் முரண்டு பண்ணும், அதோட செல்களை ஒட்டி வச்சிருக்கிற பெக்டின்ங்கிற பசை கரையணும், அதுக்கு 85, 90 டிகிரி இருந்தா நல்லது. இங்கதான் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கு. முக்கால் லிட்டர் பிளாஸ்க்ல 100 கிராம் மசூர் பருப்பைப் போட்டு அப்படியே கொதிநீரை ஊத்தினீங்கன்னா குளிர்ந்து கிடக்கிற ஸ்டீலும் பருப்பும் சேர்ந்து எடுத்த எடுப்புலயே ஏழெட்டு டிகிரியை முழுங்கிடும். அதுக்குப் பதிலா முதல்ல பருப்பு முங்கிற அளவுக்கு கொதிநீர் ஊத்தி மூடி பத்து நிமிஷம் வச்சிட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, மறுபடி புதுசா கொதிநீரை கழுத்து வரைக்கும் ஊத்தி மூடுங்க, ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டிட்டு வண்டியை நிறுத்தித் திறந்தா கரண்டியால மசிக்கலாம். காலி இடம் விடக்கூடாது, பாதி பிளாஸ்க் முழு பிளாஸ்க்கை விட வேகமா ஆறும், ஏன்னா வெளிய போற சூடு கிட்டத்தட்ட அதேதான், உள்ள இருக்கிற சேமிப்புதான் பாதி. எலுமிச்சை, புளி, தக்காளி எதையும் முதல்லயே போடாதீங்க, புளிப்பு பெக்டினைக் கரைய விடாது, பருப்பு நறுக்நறுக்குன்னு கிடக்கும். மலைப் பாதையில போறவங்களுக்கு இன்னொண்ணு, 300 மீட்டர் ஏறுறதுக்கு ஒரு டிகிரி கணக்குல கொதிநிலை குறையும், 2000 மீட்டர் உயரத்துல தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிடும், அங்க பிளாஸ்க்குக்கு நேரம் கூடுதலா கொடுக்கணும்.

ராஜ்மாவை மட்டும் பிளாஸ்க் பக்கமே கொண்டுவராதீங்க. அதுல ஃபைட்டோஹீமாக்ளுட்டினின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, நாலஞ்சு வேகாத கொட்டை போதும், சில மணி நேரத்துல வாந்தி, வயித்தால போறதுன்னு ஆளைப் படுக்க வச்சிடும். குறைஞ்சது அஞ்சு மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணில நல்லா கொதிக்க கொதிக்க பத்து நிமிஷத்துக்கு மேல, அரை மணி நேரம்னா இன்னும் நல்லது, வேக வச்சாத்தான் அது உடையும். 80 டிகிரில மெதுவா வெந்தா விஷம் பச்சையில இருந்ததை விடக் கூடலாம். டின்ல வர்றது ஏற்கனவே நல்லா வெந்தது, அது ஓகே. அப்புறம் கேஸ் அடுப்பை மூடின கேபினுக்குள்ள எரிக்கிற வேலை வேணவே வேணாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்.

சமைச்சது கெடாம இருக்கணும்னா 5 டிகிரிக்குக் கீழ இருக்கணும், இல்ல 60-க்கு மேல இருக்கணும். நடுவுல இருக்கிறதுதான் பாக்டீரியா பெருகுற இடம், சௌகரியமான சூட்டுல சில வகைங்க 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும், அப்படியே போனா ஒண்ணு ஏழு மணி நேரத்துல இருபது லட்சம். அதனாலதான் சமைச்சதை வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதே, 32 டிகிரிக்கு மேல வெயில்னா ஒரு மணி நேரம்தான்னு சொல்றாங்க. வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள வெளிய இருக்கிறதை விட 15, 20 டிகிரி கூடவே இருக்கும், அப்ப டேஷ்போர்டு மேல வச்ச டப்பா கதியை நீங்களே யோசிச்சுக்கோங்க. நிறைய பேர் ஏமாறுறது சோத்துலதான். பேசில்லஸ் சீரியஸ்ங்கிற பாக்டீரியாவோட விதைத்துகள் அரிசியில சகஜமா இருக்கும், கொதிக்க வச்சாலும் சாகாது, சோறு ஆறினதும் முளைச்சு ஒரு விஷத்தைக் கக்கும், அந்த விஷம் திரும்ப சூடு பண்ணினாலும் அழியாது. "நல்லா சூடு பண்ணிட்டா சரியாயிடும்"ங்கிற நம்பிக்கை இங்க வேலைக்கு ஆகாது. உங்க பிளாஸ்க் எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரிஞ்சுக்க ஒரு நாள் வெறும் கொதிநீரை ஊத்தி மூடி வச்சு ஆறு மணி நேரம் கழிச்சு தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்க, 60-க்கு மேல இருந்தா அந்த ஆறு மணி நேரத்தை நம்பலாம், இல்லேன்னா 60-க்குக் கீழ இறங்குறதுக்கு முன்னாடியே சாப்பிடற மாதிரி கணக்கு போட்டுக்கோங்க.

குளிர் பக்கம் வந்தா கடையில ரெண்டு வகைப் பெட்டி விக்குது, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வேலை செய்யற விதம் வேற. சீப்பா இருக்கிறது பெல்டியர் வகை, ரெண்டு வேற வேற பொருளோட சந்திப்புல கரண்ட் ஓடினா ஒரு பக்கம் குளிர்ந்து ஒரு பக்கம் சூடாகும்னு 1834-ல ஜான் பெல்டியர் கண்டுபிடிச்ச விஷயம். கம்ப்ரசரும் கிடையாது கேஸும் கிடையாது, ஆனா வெளிய இருக்கிற சூட்டுக்கு 15, 20 டிகிரி கீழதான் இறக்கும். கேபின் 40 டிகிரின்னா பெட்டிக்குள்ள 20-க்கு மேல, அதாவது நேரா பாக்டீரியா ஏரியாவுக்குள்ள, தண்ணி பாட்டில் ஜில்லுனு இருக்கிறதால டிரைவருக்கு அது தெரியாது. கம்ப்ரசர் வகை நிஜ ஃபிரிட்ஜ், 4 டிகிரியை எட்டினதும் நின்னு நின்னு ஓடும், விலை பல மடங்கு. காசு இல்லேன்னா பெல்டியரை விட நல்ல தெர்மாகோல் பெட்டியும் ஐஸும்தான் மேல்னு நான் சொல்வேன். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் இழுக்கும். ரெண்டு கிலோ ஐஸ்னா 668, அதை 24 மணி நேரத்துக்குப் பிரிச்சா 8 வாட்டுக்குக் கொஞ்சம் கம்மி. பெட்டிக்குள்ள கசியற சூடு அந்த அளவுக்குள்ள இருந்தா ஒரு நாள் ஓடும், மெல்லிசுப் பெட்டின்னா அரை நாள்தான். பாட்டில்ல தண்ணி நிரப்பி உறைய வச்சா (மேல கொஞ்சம் இடம் விடணும், ஐஸ் விரியும்) பொடி ஐஸை விட மெதுவா உருகும், உருகினதும் குடிக்கவும் ஆகும்.

இது எதுவுமே ஒத்துவரலேன்னா காய்ஞ்ச சாமான். பாக்டீரியாவுக்கு வேணும்கிறது சாமானோட ஒட்டிக்காம சும்மா இருக்கிற தண்ணி, வேர்க்கடலை, வறுத்த கடலை, காய்ஞ்ச பழம், ஓட்ஸ் இதுல எல்லாம் அது கிடைக்காது, அதனால மாசக்கணக்குல இருந்தாலும் நோய்க்கிருமி வளராது. 100 கிராம் வேர்க்கடலையில 25 கிராம் புரோட்டீன் இருக்கு, கலோரியும் 560-க்கு மேல, அதனால பாக்கெட்டோட மடியில வச்சிட்டு ஓட்டக்கூடாது, ஒரு கைப்பிடி எடுத்துட்டு மிச்சத்தைப் பின்னாடி போட்டுடணும்.

இனி உடம்பு. 1953-ல ஜெரி மாரிஸ்ங்கிற டாக்டர் லண்டன் டபுள்டெக்கர் பஸ் ஆளுங்களை ஆராய்ஞ்சு, நாள் பூரா உட்கார்ந்திருக்கிற டிரைவருக்கு படி ஏறி இறங்குற கண்டக்டரை விட இதய நோய் அதிகம்னு காட்டினார். சுவாரசியமான விஷயம் 1956-ல வந்தது, யூனிஃபார்ம் பேண்ட் அளவை எடுத்துப் பார்த்தா டிரைவர்களோட இடுப்பு வேலைக்கு சேரும்போதே கண்டக்டரை விடப் பெரிசா இருந்திருக்கு, ஆக எல்லாத்தையும் சீட்டு மேல போட முடியாது. ஆனா சீட்டுக்குப் பங்கு இருக்குன்னு அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சிகள் நிறையவே சொல்லிடுச்சு. உள்ள நடக்கிறது இதுதான்: ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை எடுத்துக்கிற பெரிய இடம் தசை, அதுக்கு கதவு மாதிரி இருக்கிற குளுட்-4ங்கிற புரோட்டீனை தசையோட வெளிப்பக்கம் கொண்டுவர ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு இன்சுலின், இன்னொண்ணு தசை சுருங்குறது. இன்சுலின் சரியா வேலை செய்யாத ஆளுக்கும் ரெண்டாவது வழி வேலை செய்யும். சாப்பிட்டு முடிச்சு உடனே 10, 15 நிமிஷம் வண்டியைச் சுத்தி நடந்தா, டயர், கயிறு எல்லாம் செக் பண்ணிட்டே நடந்தா கூடப் போதும், சர்க்கரை ஏறுற உச்சம் குறையும். ரெண்டு மணி நேரம் கழிச்சு நடந்தா அந்தப் பலன் அவ்வளவா இல்ல, ஏத்தமெல்லாம் அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

பருப்புக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு உணவு ரத்தத்துல சர்க்கரையை எவ்வளவு ஏத்துதுன்னு காட்டுற கிளைசெமிக் இண்டெக்ஸ்னு ஒரு அளவை 1981-ல கொண்டுவந்த டேவிட் ஜென்கின்ஸ் குழு அடுத்த வருஷமே இன்னொண்ணையும் காட்டுச்சு, ஒரு வேளை பருப்பு சாப்பிட்டா அடுத்த வேளை சாப்பாட்டுக்கும் சர்க்கரை கம்மியா ஏறுது. அடுத்த வேளை கடையிலதான் சாப்பிடப் போறோம்னு தெரிஞ்சா இது சும்மா கிடைக்கிற போனஸ். கோலா பக்கம் வந்தா அரை லிட்டர் பாட்டில்ல சுமார் 53 கிராம் சர்க்கரை, உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு இவ்வளவுக்கு மேல வேணாம்னு சொல்றது 2000 கலோரிக்கு 50 கிராம், ஒரே பாட்டில்ல கோட்டா முடிஞ்சது.

நைட் ஓட்டுறவங்களுக்கு ஒரே தட்டு சாப்பாடு வேற மாதிரி வேலை செய்யும். ராத்திரி மெலடோனின்ங்கிற தூக்க ஹார்மோன் சுரக்க ஆரம்பிச்சதும் கணையம் இன்சுலினை விடத் தயங்கும், அதனால மதியம் சாப்பிட்ட அதே சோறு ராத்திரி ரெண்டு மணிக்கு சாப்பிட்டா சர்க்கரையை இன்னும் உயரமா ஏத்தி ரொம்ப நேரம் அங்கயே வைக்கும். பெரிய சாப்பாட்டை வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி சாயங்காலமே முடிச்சிட்டு நடு ராத்திரில முட்டை, கடலை, ஒரு பழம்னு நிறுத்திக்கிறது நல்லது. சாப்பிட்டதும் தூக்கம் வர்றதுக்கு ரத்தம் வயித்துக்குப் போயிடுதுன்னு சொல்வாங்க, மூளை தனக்கு வேண்டிய ரத்தத்தை விட்டுக்கொடுக்காது, அந்தக் கதை தப்பு. மதியம் ரெண்டு டு நாலு ஒரு தூக்கக் குழி சாப்பிடலேன்னாலும் வரும், அதே மாதிரி பெரிசா விடிகாலை ரெண்டு டு ஆறு, வயிறு முட்ட சாப்பிட்டா அந்தக் குழி இன்னும் ஆழமாகும், அவ்வளவுதான்.

அந்த நேரத்துக்கு டீ காபி குடிக்கிறதுல ஒரு டைமிங் இருக்கு. காஃபின் ரத்தத்துல ஏறி மூளையில தூக்கத்தைச் சேர்க்கிற அடினோசினைத் தடுக்க 20, 30 நிமிஷம் ஆகும். குடிச்ச உடனே வண்டியை எடுக்காம, ஓரமா நிறுத்தி 15, 20 நிமிஷம் கண்ணை மூடினா அந்தத் தூக்கம் கொஞ்சம் அடினோசினைக் காலி பண்ணி வச்சிருக்கும், முழிக்கும்போது காஃபினும் வந்து சேர்ந்திருக்கும். ஆனா உடம்புல காஃபின் பாதியா குறைய அஞ்சு மணி நேரம் மாதிரி ஆகும், காலையில ஆறு மணிக்கு வண்டியைப் போட்டுட்டுப் படுக்கணும்னா ராத்திரி ஒரு மணியோட காபியை நிறுத்திக்கணும். தூக்கம் சரியா இல்லேன்னா மறுநாள் பசியைக் கூட்டுற கிரெலின் ஏறி, போதும்னு சொல்ற லெப்டின் இறங்கிடும், அப்ப பிளாஸ்க்ல பருப்பு ரெடியா இருந்தாலும் கண்ணு பொரிச்சது பக்கம்தான் போகும்.