கடைசி விலையை ஒருமுறைதான் சொல்ல முடியும்

வீடு வாங்க என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், “இதுதான் என் கடைசி விலை” என்று விற்பவரிடம் மாலையில் உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தார். விற்பவர் பதில் சொல்லவில்லை. இரவு சாப்பிட்டு முடிப்பதற்குள் இவருக்குப் பொறுமை போய்விட்டது. தானே போன் செய்து விலையை ஏற்றினார். கேட்காமலே ஏறியவர் கேட்டால் ஏறமாட்டாரா என்று விற்பவர் நினைத்ததில் தவறு காண முடியாது. அதன்பின் இரண்டு முறை ‘கடைசி விலை’ மாறியது. வீடு கிடைத்தது, பழுது பார்க்க வைத்திருந்த பணம் போனது.

பேரம் சாமர்த்தியமான பேச்சில் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் அதில் பெரும்பகுதி, விற்பவரைப் பார்க்கும் முன்பே வீட்டு மேசையில் முடிந்துவிடுகிறது. கையில் இருக்கும் பணம், கிடைக்கக்கூடிய கடன் இரண்டையும் கூட்டுங்கள். பதிவுச் செலவு, வழக்கறிஞர் கட்டணம், கடன் வாங்கும் செலவு, பழுது, குடிபோகும் செலவு எல்லாவற்றையும் கழியுங்கள். சில மாதக் கைச்செலவையும் ஒதுக்குங்கள். மீதிதான் உங்கள் உச்சவரம்பு. வங்கியின் மதிப்பீடு நீங்கள் ஒப்புக்கொண்ட விலைக்குக் கீழே வந்தால், அந்த வித்தியாசம் உங்கள் பையிலிருந்துதான் போகும். பலர் மறக்கும் கணக்கு இது. தொகையை ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் ஆசைப்பட்ட வீட்டின் கூடத்தில் நிற்கும்போது மனக்கணக்கு நமக்குச் சாதகமாகவே வளைந்துகொடுக்கும்; தாளில் இருக்கும் எண் வளையாது.

விற்பவர் சொல்லும் முதல் விலைக்கு ஓர் இழுப்பு உண்டு. 1987இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரே வீட்டை வெவ்வேறு கேட்பு விலைகளோடு வீட்டுத் தரகர்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். கேட்பு விலை உயர்ந்திருந்தால் தரகர்களின் மதிப்பும் உயர்ந்தது. ஆனால் பெரும்பாலான தரகர்கள் கேட்பு விலையைத் தாங்கள் கணக்கில் கொண்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. அதே தொழிலில் இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு? அதனால், பக்கத்தில் அதே அளவுள்ள வீடுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கேட்ட விலை அல்ல, கைமாறிய விலை.

“சரி, ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்போம்” என்பது கேட்க நியாயமாக இருக்கும். அவர் 100 கேட்டு, நீங்கள் 90 சொல்லியிருந்தால் நடு 95. அவரே முதலில் 104 கேட்டிருந்தால் நடு 97. வீடு அதேதான். நடு எங்கே விழும் என்பதை முதல் எண்களே முடிவு செய்துவிடுகின்றன. படிப்படியாக ஏறுவதானால் படிகள் சிறுத்துக்கொண்டே வரட்டும்: 88, 91, 92.5, 93. எல்லை நெருங்கிவிட்டது என்பதை வாயால் சொல்லாமலே அது சொல்லும். 88, 90, 92 என்று சமமாக ஏறினால் அடுத்தது 94 என்று யாரும் ஊகிப்பார்கள்.

இன்னொன்று, முகம். ஆசை அதில் தெரியக்கூடாது. “இந்த அறை குழந்தைக்கு” என்று விற்பவர் காதுபடச் சொன்ன பிறகு என்ன பேரம் பேசுவது? நான் உடன் போயிருந்தாலும் காப்பாற்ற முடியாது.

தரகரின் அவசரத்தையும் உங்கள் அவசரமாக்கிக்கொள்ளாதீர்கள். விலையில் இரண்டு மூன்று விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் அவர் கமிஷனில் பெரிய மாற்றம் வராது. பேரம் முறிந்தால்தான் நஷ்டம். இது குற்றச்சாட்டு அல்ல, கணக்கு.

எண்ணில் முட்டிக்கொண்டு நிற்கும்போது எண்ணை விட்டு வெளியே வாருங்கள். ஒரு வீட்டில் 96க்குக் கீழே வரமாட்டேன் என்று விற்பவரான அம்மா நின்றார். வாங்குபவரின் தாளில் 93. மூன்றாவது சந்திப்பில் நான் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “இங்கிருந்து எங்கே போகிறீர்கள்?” என்று கேட்டேன். மகன் கட்டும் வீடு முடிய மூன்று மாதம் ஆகும், அதுவரை சாமான்களோடு எங்கே போவது என்றே தெரியவில்லை என்றார். பேசும்போது சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடைசி விலையைத் தாளில் கொடுத்தோம். 93. பதிவுக்குப் பின் மூன்று மாதம் வாடகையில்லாமல் அங்கேயே இருக்கலாம். கடன் மறுக்கப்பட்டாலோ பத்திரத்தில் சிக்கல் தெரிந்தாலோ முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும். கசியும் குளியலறைக் குழாய் எங்கள் பொறுப்பு. மோட்டாரும் மின்விசிறிகளும் வீட்டோடு சேர்ந்தவை. ஏழு நாளுக்குள் பதில். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் இவற்றில் பாதி பின்னர் சண்டையாகியிருக்கும். பிறகு சும்மா இருந்தோம். மூன்றாம் நாள் வாங்குபவர் என்னை நான்கு முறை அழைத்து, “ஒன்று மட்டும் ஏற்றிப் பார்க்கலாமா?” என்று கேட்டார். தாளைப் பிரித்துப் படிக்கச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் அந்த அம்மா அழைத்தார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “கட்டட வேலை தாமதமானால், அந்த மூன்று மாதத்தை நான்காக எழுதித் தருவீர்களா?” என்றார்.