கன்னாபினாய்டு: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடி வீட்டு அத்தைக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை நடக்கிறது. "வேர்ல சீழ் வெச்சா கஞ்சாவுல மருந்து இருக்காமே, வாட்ஸ்அப்ல வந்துச்சு. நிஜமாப்பா?" என்று கேட்டார். அந்தச் செய்தியில் இருந்த சொல் 'கன்னாபினாய்டு', அதாவது கஞ்சாவில் உள்ளவையும் அவற்றைப் போல வேலை செய்பவையுமான வேதிப்பொருள்களின் பொதுப்பெயர். அவருக்கு அதைத் தமிழில் சொல்லப் போய் நான் திணறியதால் இந்தக் குறிப்பு.

கிரேக்கத்தில் 'கன்னாபிஸ்' என்றால் கஞ்சாச் செடி. 'ஆய்டு' என்னும் ஈறு 'ஐடோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. வடிவம், சாயல் என்று பொருள். நம் 'கன்னாபின்னா'வுக்கும் இதற்கும் உறவில்லை.

காஃபீன், நிகோட்டின் போன்ற செடிப்பொருள்களைக் குறிக்கும் ஆல்கலாய்டைத் தமிழில் 'காரப்போலி' (காரம் போன்றது) என்றார்கள். அதே அச்சில் 'கஞ்சாப்போலி' என்று வார்த்தால் கலப்படச் சரக்கு என்றுதான் காதில் விழும். சரி, 'கஞ்சாச் சேர்மம்'? கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருள் குறுகிவிடுகிறது. செடியில் இல்லாத கன்னாபினாய்டுகளும் உண்டே! 1992இல் இஸ்ரேலிய வேதியியலாளர் ரபேல் மெக்கூலம் குழுவினர் மூளையிலிருந்தே ஒன்றைப் பிரித்தெடுத்து, நம் 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்து 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள். ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்தவையும் இருக்கின்றன. எல்லாவற்றையும் அணைக்க 'கஞ்சாவகைச் சேர்மம்' என்பதே பொருத்தம் என்பேன். 'வகை' என்ற ஒரு சொல் அந்தச் 'சாயலை'யும் கொண்டுவந்துவிடுகிறது.

அப்புறம் பல்லுக்கு வருவோம். வேர்க்குழலைச் சுத்தம் செய்து அடைத்த பிறகும் சில பற்களில் எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா பிழைத்துக் கிடக்கும். வழக்கமாக உள்ளே வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடையே அது தாங்கும். அது கிராம்-பாசிட்டிவ் இனம், அதாவது கிராம் என்ற சாயச் சோதனையில் ஊதா நிறம் ஏற்கும் பாக்டீரியா வகை. கஞ்சாவகைச் சேர்மங்கள் ஆய்வகத்தில் அடக்குவதும் பெரும்பாலும் அந்த இனத்தைத்தான். கஞ்சாவில் உள்ள, ஆனால் போதை தராத சிபிடி (கன்னாபிடையால்) என்ற சேர்மத்துக்கும் இந்த ஆற்றல் உண்டு என்பதால் ஆர்வம் கூடுகிறது. ஆனால் 1976இலேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சிக்கலைக் கண்டார்கள். பாக்டீரியாவை வளர்க்கும் வெறும் ஊட்டக் கரைசலில் அதை அடக்க மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. ரத்தமோ சீரமோ (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) கலந்ததும் 50 தேவைப்பட்டது. சீழும் ரத்தமும் கசியும் பல் வேரில் இது சின்ன விஷயமில்லை.

அத்தையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அது இன்னும் ஆய்வகத்துல இருக்கு அத்தை, எந்த எண்ணெயையும் பல்லுல வெச்சுடாதீங்க. டாக்டர் சொன்ன தேதிக்குப் போயிட்டு வாங்க" என்றேன்.