எந்தப் பூனை நம்மகூட அதிக நாள் இருக்கும்?

பூனை வளர்க்கலாம்னு ஆசை வந்ததும் நிறைய பேர் தேடறது ரீல்ஸ்ல பாத்த பூனையத்தான். காது மடங்குனது, கால் குட்டையா இருக்கறது, மூக்கு உள்ள போன சப்பை மூஞ்சி, இல்லன்னா முடியே இல்லாதது. விலை கேக்கறோம், கலர் கேக்கறோம், ஆணா பொண்ணான்னு கேக்கறோம், ஆனா இது எத்தன வருஷம் இருக்கும், இருக்கற வரைக்கும் வலியில்லாம இருக்குமா, இதோட அப்பா அம்மாவுக்கு என்ன நோய்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. நல்லா வளத்தா ஒரு பூனை பதினஞ்சு வருஷம் கூட வீட்ல இருக்கும், அதனால வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் உக்காந்து யோசிச்சா தப்பே இல்ல.

முதல்ல நம்பர். லண்டன்ல இருக்கற ராயல் வெட்னரி காலேஜ் ஆளுங்க பிரிட்டன் முழுக்க வெட் கிளினிக் ரெக்கார்டுகள சேத்து வச்சு ஆராய்ச்சி பண்றாங்க. 2019லேர்ந்து 2021க்குள்ள செத்துப்போன 7,936 பூனைகளோட கணக்க எடுத்து 2024ல ஒரு ஆயுள் பட்டியல் வெளியிட்டாங்க. பொறக்கும்போது ஒரு பூனையோட சராசரி எதிர்பார்ப்பு ஆயுள் 11.74 வருஷம். ப்ரீட், அதாவது தனி இனம், வாரியா பாத்தா பர்மீஸ் 14.42, பிர்மன் 14.39, இது ரெண்டும் மேல. கடைசில ஸ்பிங்ஸ், அதாவது முடியில்லாத பூனை, வெறும் 6.68. பொண் பூனைங்க ஆண விட ஒரு வருஷத்துக்கும் மேல கூட வாழுது. இதே குரூப் இங்கிலாந்து பூனைகள வச்சு 2015ல பண்ண இன்னொரு ஆய்வுல கலப்பு பூனைகளோட நடுமட்ட ஆயுள் 14 வருஷம், ப்ரீட் பூனைகளுக்கு 12.5. பிறப்புலேர்ந்து போடற எதிர்பார்ப்பு ஆயுள் ஒரு கணக்கு, செத்த பூனைகள வயசு வாரியா வரிசைல நிக்க வச்சு நடுவுல இருக்கறத எடுக்கறது வேற கணக்கு, அதனால ரெண்டு ஆய்வு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடக்கூடாது.

இந்த மாதிரி பட்டியல படிக்கும்போது ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஒரு ப்ரீட் கடந்த பத்து வருஷத்துல தான் ஃபேமஸ் ஆகி இருக்குன்னு வைங்க, அப்ப நாட்டுல இருக்கற அந்த ப்ரீட் பூனைங்க பெரும்பாலும் இளசாத்தான் இருக்கும், அதனால இன்னிக்கு செத்ததுங்கள மட்டும் எண்ணினா அதுவும் இளசுங்களாத்தான் இருக்கும், ஆயுள் உண்மைய விட கம்மியா தெரியும். ஸ்பிங்ஸ், பெங்கால் மாதிரி புது ப்ரீடுகளுக்கு இந்த சிக்கல் கண்டிப்பா உண்டு. அதுக்காக ஸ்பிங்ஸ் நல்லா இருக்குன்னு சொல்ல வரல, அதுல இதய நோய் அதிகம்னு தனியாவே தெரியும். பட்டியல்ல இருக்கற இடத்த மட்டும் பாத்து முடிவெடுக்காதீங்க, அந்த நம்பருக்கு பின்னாடி உடம்புல என்ன நடக்குதுன்னு பாருங்க.

ப்ரீடுங்கறதே ரொம்ப புதுசு. பூனை மனுஷனோட ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கு, ஆனா 1871ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல ஹாரிசன் வீர்னு ஒருத்தர் பெரிய பூனை கண்காட்சி நடத்துனதுக்கு அப்பறம்தான் இந்த கலரு, இந்த மூஞ்சி, இந்த முடின்னு பிரிச்சு மெயின்டெயின் பண்றது சூடு பிடிச்சுது. அதுவரைக்கும் யாரோட சேரணும்னு பெரும்பாலும் பூனைங்களே முடிவு பண்ணிச்சு. ஒரு ப்ரீட உருவாக்கணும்னா நாலஞ்சு பூனைய வச்சு ஆரம்பிக்கணும், அதுங்க குட்டிங்களுக்குள்ளயே, பேரக்குட்டிங்களுக்குள்ளயே சேத்து அந்த குணத்த நிலைக்க வைக்கணும். இதுல என்ன ஆகும்னா, பூனைக்கும் நமக்கும் பெரும்பாலான ஜீன் ரெண்டு காப்பி இருக்கும், ஒண்ணு அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து. ஒரு காப்பி கெட்டுப்போனாலும் இன்னொண்ணு பல நேரம் சமாளிச்சிடும். சொந்தத்துக்குள்ளயே சேரும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே தாத்தாகிட்டேர்ந்து வந்த அதே கெட்ட காப்பிய குடுக்க வாய்ப்பு எகிறிடும். நம்ம ஊர்ல சொந்தத்துல கல்யாணம் வேணாம்னு டாக்டருங்க சொல்றதும் இதே கணக்குத்தான்.

சில நேரம் இன்னும் மோசம், நோயே ப்ரீடோட அடையாளமா ஆயிடும். ஸ்காட்டிஷ் ஃபோல்ட் அப்டித்தான். 1961ல ஸ்காட்லாந்துல கூப்பர் ஆங்கஸ் ஊர் பக்கத்துல ஒரு பண்ணைல சூசின்னு ஒரு வெள்ளப் பூனை இருந்துச்சு, அதுக்கு காது முன்பக்கம் மடங்கி இருந்துச்சு. அத வில்லியம் ராஸ்ங்கற ஆட்டுக்காரர் கவனிச்சு அதோட குட்டி ஒண்ண வாங்கி வளத்தாரு, உலகத்துல இன்னிக்கு இருக்கற ஸ்காட்டிஷ் ஃபோல்ட் எல்லாமே அந்த சூசி வம்சம். காது ஏன் மடங்குது? டிஆர்பிவி4ங்கற ஜீன்ல ஒரு மாற்றம், அது குருத்தெலும்ப பாதிக்குது. குட்டி பொறக்கும்போது காது நேராத்தான் இருக்கும், ஒரு மூணு வாரத்துல குருத்தெலும்பு தன் எடையையே தாங்க முடியாம மடங்கிடும். ஆனா குருத்தெலும்பு காதுல மட்டுமா இருக்கு? கணுக்கால், மணிக்கட்டு, வாலுன்னு எல்லா மூட்டுலயும் இருக்கு. அங்க எலும்பு கண்டபடி வளந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வால் தடிச்சு விறைக்கும், குதிக்கறத நிறுத்திடும், நாமளோ அடடா என்ன அமைதியான பூனைன்னு நினைப்போம். ரெண்டு கெட்ட காப்பி இருந்தாத்தான் இந்த மூட்டு நோய் வரும், ஒண்ணு இருந்தா பரவால்லன்னு ப்ரீடருங்க ரொம்ப நாள் சொல்லிட்டு இருந்தாங்க, 1999ல ஆஸ்திரேலிய வெட் டாக்டருங்க எக்ஸ்ரே எடுத்து ஒரு காப்பி இருந்தாலே மூட்டு பாதிக்கும்னு காட்டிட்டாங்க. பிரிட்டன்ல இருக்கற பூனை பதிவு அமைப்பு 1970களோட ஆரம்பத்துலயே இத பதிவு பண்றத நிறுத்திடுச்சு, நெதர்லாந்துல ப்ரீட் பண்றதுக்கே தடை. காது மடங்குன பூனைய தயவுசெஞ்சு காசு குடுத்து வாங்காதீங்க. நாம வாங்கற ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி அம்மா பூனைய இன்னொரு ஈத்து குட்டி போட வைக்கறாங்க.

குட்டக்கால் மன்ச்கினும் வாலில்லாத மாங்க்ஸும் இதே வகை. ரெண்டுலயும் அந்த ஜீன் ரெண்டு காப்பி வந்தா கரு வயித்துலயே செத்துடும். மாங்க்ஸ்ல உயிரோட பொறக்கறதுல சிலதுக்கு முதுகுத்தண்டு கீழ்ப்பக்கம் சரியா உருவாகாது, ஆயுசு முழுக்க ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு இருக்காது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம், நம்ம ஊர்னா பெர்ஷியன்தான். பெட் ஷாப்ல டால் ஃபேஸ், செமி பன்ச், பன்ச் ஃபேஸ்னு மூஞ்சி எவ்ளோ சப்பையோ அவ்ளோ விலை ஏத்துவாங்க. சப்பையாகறது வெளி எலும்பு மட்டும்தான், மூக்குக்குள்ள இருக்கற சதை, அண்ணம், பல்லு, தோலு எல்லாம் அந்த அளவுக்கு சுருங்கறதில்ல, எல்லாம் சின்ன எடத்துல நெருக்கிகிட்டு இருக்கும். மூக்கு ஓட்டை கீறல் மாதிரி ஆயிடும். கண்ணுலேர்ந்து மூக்குக்கு கண்ணீர் இறங்கற குழாய் வளஞ்சு நெளிஞ்சு போறதால கண்ணீர் வெளிய வழியும், கண்ணுக்கு கீழ எப்பவும் பழுப்பு கறை இருக்கறது அதனாலதான். பூனைக்கு வியர்வை நம்மள மாதிரி உடம்பு முழுக்க வராது, உடம்ப நக்கியும், மூக்கு வழியா போற காத்துலயும், ரொம்ப முடியலன்னா வாயத் தொறந்து மூச்சு வாங்கியும்தான் சூட்ட குறைக்கணும். மூக்கும் அடைச்சு, உடம்புல அடர்த்தியான முடியும் வச்சுகிட்டு சென்னை மே மாசத்துல கரண்ட் போன வீட்ல அது என்ன பாடுபடும்னு யோசிச்சு பாருங்க. வாயத் தொறந்து மூச்சு விடற பூனைய பாத்தா நாய் மாதிரி சாதாரணம்னு விட்றாதீங்க, பூனைக்கு அது எமர்ஜென்சி.

பெர்ஷியனுக்கு கிட்னில நீர்க்கட்டி வர்ற பரம்பரை நோயும் உண்டு. பிகேடி1ங்கற ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறுனதால வர்றது, ஒரு காப்பி போதும். பொறக்கும்போதே கண்ணுக்கு தெரியாத சின்ன சின்ன கட்டியா இருக்கும், வருஷா வருஷம் பெருசாகி நல்ல கிட்னி திசுவ நசுக்கும், பல பூனைக்கு ஏழு வயசு வாக்குல கிட்னி கைவிடும். ஒரு காலத்துல உலகத்துல பெர்ஷியன் பூனைங்கள்ல மூணுல ஒண்ணுக்கு மேல இது இருந்துச்சு. 2004ல கலிபோர்னியா டேவிஸ் யுனிவர்சிட்டில லெஸ்லி லயன்ஸ் குழு அந்த மாற்றத்த கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்பறம் கன்னத்து உள்பக்கம் பஞ்சால தேய்ச்சு அனுப்புனா போதும், இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். டெஸ்ட் பண்ணி நோய் இருக்கறத ப்ரீட் பண்ணாம விட்டாலே அடுத்த தலைமுறைல இந்த நோய் இல்ல, அவ்ளோ சுலபமா ஒழிக்கக்கூடியது. அதனாலதான் நம்ம ஊர்ல பெர்ஷியன் விக்கறவங்க எவ்ளோ பேருகிட்ட இந்த ரிப்போர்ட் இருக்குன்னு கேக்கும்போது எனக்கு மனசு ஆறல.

மெயின் கூன்ங்கற பெரிய உடம்பு ப்ரீட்ல இதயம்தான் பிரச்சனை. ஹெச்சிஎம்னு சொல்வாங்க, இதயத்தோட இடது கீழறை சுவர் தடிச்சுகிட்டே போகும், உள்ள ரத்தம் நிக்கற எடம் சுருங்கும். 2005ல மெயின் கூனுக்கும் 2007ல ராக்டால்ங்கற இன்னொரு ப்ரீடுக்கும் காரணமான ஜீன் மாற்றம் கண்டுபிடிச்சாங்க, ரெண்டும் ஒரே ஜீன்ல வேற வேற எடம். இதுல கொடுமை என்னன்னா வெளிய ஒண்ணும் தெரியாது, நல்லா ஓடி ஆடிட்டு இருக்கும், திடீர்னு ஒரு நாள் ரத்தக்கட்டி இதயத்துலேர்ந்து கிளம்பி பின்னங்காலுக்கு ரத்தம் பிரியற எடத்துல அடைச்சிடும், பூனை கத்திகிட்டு பின்காலை இழுத்துகிட்டு வரும், காலு ஜில்லுனு இருக்கும். ஜீன் டெஸ்ட் கிளியரா இருந்தாலும் வேற காரணத்தாலயும் ஹெச்சிஎம் வரலாம், சாதாரண கலப்பு பூனைக்கும் வருது, அதனால அப்பா அம்மாவுக்கு எக்கோ ஸ்கேன் ரிப்போர்ட்டும் சேத்து கேக்கணும்.

அப்ப பர்மீஸ் எப்டி முதல் எடத்துல? இதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியம், ஏன்னா மேற்குல இருக்கற பர்மீஸ் வம்சத்துக்கு பெரும்பாலும் 1930ல பர்மாவுலேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு கொண்டு போன வாங் மாவ்ங்கற ஒரே ஒரு பொண் பூனைதான் மூலம். 2008ல வந்த ஒரு ஜீன் ஆய்வுல பர்மீஸும் சிங்கப்புராவும் ரொம்ப குறுகின ஜீன் வளம் உள்ள ப்ரீடுகள்னு தெரிஞ்சுது. பர்மீஸுக்குன்னு சர்க்கரை நோய் உண்டு, ரத்தத்துல பொட்டாசியம் குறையற பரம்பரை நோய் உண்டு. இருந்தும் நிறைய நாள் வாழுது. குறுகின வம்சம்ங்கறது ஆபத்த கூட்டுது, ஆனா அந்த வம்சத்த ஆரம்பிச்ச பூனைகிட்ட இருந்த கெட்ட ஜீன் என்னங்கறதும், அந்த ப்ரீடோட உடம்பு அமைப்பு சாதாரண பூனை அமைப்புலேர்ந்து எவ்ளோ விலகியிருக்குங்கறதும் அத விட பெருசு. பர்மீஸுக்கு கால் சாதாரண கால், காது சாதாரண காது.

இதெல்லாம் வச்சு பாத்தா என் ஓட்டு தயக்கமே இல்லாம நாட்டுப்பூனைக்குத்தான். யாரும் பிளான் போட்டு சேத்து வைக்காததால ஜீன் கலந்து கிடக்கு, மூக்கு நீளம், கால் நீளம், முடி குட்டை, நம்ம வெயில தாங்கி வந்த வம்சம். தெருவுல, ஷெல்டர்ல எத்தனையோ குட்டி கிடக்கு, காசும் வேணாம். உலகத்துலயே அதிக நாள் வாழ்ந்ததா கின்னஸ்ல இருக்கற பூனை, டெக்சாஸ் ஆஸ்டின்ல 1967லேர்ந்து 2005 வரைக்கும் 38 வருஷம் இருந்த க்ரீம் பஃப், அதுவும் கலப்பு பூனைதான்.

பெர்ஷியன்தான் வேணும்னு மனசு அடிச்சுகிச்சுன்னா குட்டிய நேர்ல போய் பாருங்க, அம்மா பூனையோட. சைடுலேர்ந்து பாக்கும்போது மூக்கு நுனி வெளிய நீட்டிகிட்டு தெரியணும், மூக்கோட மேல்பக்கம் கண்ணோட கீழ் இமைக்கு மேல ஏறி இருந்தா வேணாம். தூங்கும்போது காது குடுத்து கேளுங்க, குறட்டை மாதிரி சத்தம் வரக்கூடாது. வால வேரிலேர்ந்து நுனி வரைக்கும் மெதுவா உருவி பாருங்க, இஷ்டத்துக்கு வளையணும். முழு வெள்ளப் பூனைக்கு ரெண்டு கண்ணும் நீலமா இருந்தா பின்னாடி நின்னு கை தட்டி பாருங்க, அதுங்கள்ல பாதிக்கு மேல காது கேக்காது. எட்டு வாரத்துக்கு முன்னாடி அம்மாவ விட்டு பிரிச்சு குடுக்கறாங்கன்னா அந்த ஆள்கிட்ட வாங்காதீங்க, ரிப்போர்ட் கேட்டதும் கோவப்படறவங்ககிட்டயும்.

ப்ரீட் விஷயத்துல இவ்ளோ பேசினாலும் அந்த 2015 ஆய்வுல அஞ்சு வயசுக்குள்ள செத்த பூனைங்கள்ல கிட்டத்தட்ட பாதி ஏதோ ஒரு அடிபட்டுத்தான் செத்துச்சு. ஜீன் எவ்ளோ நல்லா இருந்தாலும் ரோட்ல வர்ற வண்டிக்கு தெரியாது. அதனால பூனைய வீட்டுக்குள்ளயே வளக்கறதும், அபார்ட்மெண்ட்னா பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடிக்கறதும், ஆறேழு மாசத்துல கருத்தடை ஆபரேஷன் பண்றதும் ஆயுள்ல நேரடியா சேரும். குட்டிக்கு ஆறு எட்டு வாரத்துல முதல் ஊசி, மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா திரும்ப, பதினாறு வாரம் தாண்டற வரைக்கும், கூடவே ரேபிஸ். அப்பறம் காய்ச்சல் மாதிரி இருக்குன்னு பாராசிட்டமால் மட்டும் குடுத்துடாதீங்க, அந்த மருந்த உடைச்சு வெளியேத்தற வழி பூனையோட கல்லீரல்ல சரியா இல்ல, அரை மாத்திரையே உயிர எடுத்துடும். பெர்ஷியனோ நாட்டுப்பூனையோ, இதுல வித்தியாசமே இல்ல.